நான்கு நிமிடம் இருபது வினாடி

மேவிஸ் கார்ஃபோர்த் முப்பத்தொரு வருடம் ஒரு பலகைக்குக் கீழே நின்று வேலை பார்த்தவள். ஸ்கெல்மவுத் ஊரின் பொது நீச்சல் குளத்தில், ஆழமான பக்கத்துச் சுவரில் அது தொங்கியது. ஓடாதே. தள்ளாதே. மேலிருந்து குதித்துத் தண்ணீரை வாரி இறைக்காதே. தின்பண்டம் கொண்டுவராதே. முத்தம் கொடுக்காதே. இப்படி மொத்தம் பதினோரு கட்டளை. பைபிளில் மோசேக்கே பத்துதான் கிடைத்தது என்று அவள் கணவன் கிளிஃப் கேலி செய்வான்.

கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச், கறை படியாத வெள்ளைக் காலணி. டாக்டர் மகன் ஓடினாலும் விசில், படகுக்காரன் மகன் ஓடினாலும் அதே விசில். ஆள் பார்த்து ஊதினாள் என்று ஒருவரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, நியாயமான கர்வம்தான். ஊரில் எத்தனையோ பேர் எதுவுமே செய்யாமல் அதைவிடப் பெரிய கர்வத்தோடு திரிகிறார்கள்.

கிளிஃபுக்கும் அங்கேதான் வேலை. குளத்துக்கு அடியில் இருந்த பாய்லர் அறை அவனுடையது. அவள் மேலே விசில் ஊதினாள், அவன் கீழே தண்ணீரைச் சூடாக்கினான். நாற்பத்து நான்கு வருடக் கல்யாண வாழ்க்கை ஏறக்குறைய இந்த ஏற்பாட்டிலேயே ஓடியது. பிள்ளைகள் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு கிளிஃப் தினமும் காலை பத்து மணிக்கு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று கிளம்புவான். வீட்டுக்கு எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் புல்வெளி, அதற்கப்பால் கடல். புல்வெளியில் ஒரு பழைய பெஞ்சு இருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவான். வரும்போது வாயில் பெப்பர்மின்ட் மணக்கும். நெஞ்சுச் சளிக்குப் போட்டுக்கொள்கிறான் என்று அவள் நினைத்தாள். அவள் ஒருநாளும் கூடப் போனதில்லை, நின்று பார்த்ததும் இல்லை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீடு துடைக்கும் நேரம். அதுவும் ஒரு பலகைதான், சுவரில் மாட்டவில்லை, அவ்வளவே.

அந்தச் சளி கடைசியில் அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஊரில் ஒரு வழக்கம். செத்தவர் பேரில் நகராட்சிக் கவுன்சிலிடம் சொல்லி ஒரு பெஞ்சு போடுவார்கள். கடலோரம் முழுக்க செத்தவர்களின் பெயர்கள்தான், அதில் சாய்ந்துகொண்டுதான் எல்லோரும் மீனும் சிப்ஸும் தின்பார்கள். மேவிஸ் அந்த மக்கிப்போன பெஞ்சை எடுக்கச் சொல்லி, அதே இடத்தில் நல்ல ஓக் மரத்தில் புதிது போடச் செய்தாள். முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு. "கிளிஃபர்ட் கார்ஃபோர்த், 1941–2016. இங்கே உட்கார்ந்து கடலைப் பார்க்கப் பிடித்தவர்."

முன்னறை ஜன்னலைத் திறந்தால் பெஞ்சு தெரியும். காலையில் திரையை விலக்கியதும், "என்ன, எழுந்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கெட்டிலைப் போடுவாள். அவனுக்கென்று கல்லறை எதுவும் கிடையாது. சாம்பலைக் கடலில் விட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது அந்தப் பெஞ்சு ஒன்றுதான்.

அதில் போய்க் குடிகாரர்கள் உட்கார்ந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

நான்கு பேர். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒருவன். பச்சைக் கோட்டுப் போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி. ஊன்றுகோல்காரன் ஒருவன். நாயோடு இன்னொருவன். மணி பத்தடித்தால் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு பீர் கேன். சிரிப்பு, கூச்சல், சில நாள் பாட்டு. சிவப்புத் தொப்பிக்காரன் கிளிஃபின் பெயர் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொள்வான். எழுந்து போகும்போது சட்டைக் கையால் தகட்டைத் தேய்ப்பான். அது கேலி என்று மேவிஸ் முடிவு கட்டினாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கவுன்சிலுக்கு போன் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண் தேன் வழியப் பேசினாள்.

"நீங்க பாக்கறதை எல்லாம் எழுதி வையுங்க, மிசஸ் கார்ஃபோர்த். நாங்க நாட்குறிப்புத் தாள் அனுப்பறோம். தேதி, நேரம், என்ன நடந்துச்சு, எவ்ளோ நேரம் நடந்துச்சு, உங்க மனசை எப்படிப் பாதிச்சுது. ஆதாரம் இருந்தாத்தான் நாங்க ஏதாவது செய்ய முடியும்."

முப்பத்தொரு வருடம் விசில் ஊதியவளிடம் போய் இப்படி ஒரு தாளைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா? அலமாரியிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்துத் துடைத்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தாள். மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை பத்தொன்பது தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஜூன் பதினாலாம் தேதித் தாள்தான் அதில் பேர்போனது. "காலை 11.06. சிவப்புத் தொப்பி அணிந்தவரை மற்றவர்கள் பெஞ்சிலிருந்து கீழே தள்ளினார்கள். பெண் அவர் தலையை அழுத்திப் பிடித்தாள். ஒருவர் தோளைப் பிடித்துப் புரட்டினார். கீழே கிடந்தவர் கால்களை உதைத்தார். நேரம்: நான்கு நிமிடம் இருபது வினாடி. பிறகு அவர் அசையாமல் கிடந்தார். பாதிப்பு: என் கணவரின் பெஞ்சருகே இரத்தம் பார்க்க நேருமோ என்று நடுங்கினேன்."

நடுங்கியது நிஜம். ஆனால் சாலையைக் கடந்து போய்ப் பார்க்கவில்லை. எழுதி முடிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் பிறந்ததும் கவுன்சில், கடலோரத்தில் குடித்துக் கூடுவதைத் தடுக்கும் ஒரு உத்தரவுக்கு வரைவு போட்டு, வீட்டுக்கு வீடு படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்டது. ஏழு கேள்விக்கும் "முழுமையாக ஏற்கிறேன்" என்ற கட்டத்தில் மேவிஸ் குறி போட்டாள். நகர மண்டபக் கூட்டத்துக்குப் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். பெயர் சொல்லாமல் ஜூன் பதினாலாம் தேதித் தாளை ஒரு கவுன்சிலர் எழுந்து நின்று வாசித்தார். நான்கு நிமிடம் இருபது வினாடி என்றதும் மண்டபத்தில் "அடக் கடவுளே" என்று ஒரு முனகல் எழுந்தது. மேவிஸுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அவள் செய்த வேலையை யாராவது மெச்சியது அன்றுதான்.

அக்டோபரில் உத்தரவு அமலுக்கு வந்தது. கடலோரக் கம்பத்தில் பெரிய பலகை மாட்டினார்கள். நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் நின்று வாசித்தாள். திறந்த மதுக் கேன் வைத்திருக்கக் கூடாது. மூன்று பேரோ அதற்கு மேலோ கூடித் தொந்தரவு தந்தால், அதிகாரி சொன்னதும் கலைந்துவிட வேண்டும். ஒதுங்குமிடங்களில் தூங்கக் கூடாது. மீறினால் அங்கேயே அபராதச் சீட்டு. எண்ணிப் பார்த்தாள், பன்னிரண்டு வரி. அவளுடைய பழைய பலகையை ஒன்றால் ஜெயித்துவிட்டது.

நால்வரும் காணாமல் போனார்கள். பெஞ்சு காலியாக, துப்புரவாக, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிம்மதி சரியாக ஆறு நாள் நீடித்தது.

ஏழாம் நாள் காலை ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, பெஞ்சின் காலில் இருந்த போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். மேவிஸ் வீட்டுச் செருப்போடு சாலையைக் கடந்து ஓடினாள்.

"என்ன பண்றீங்க? இது என் வீட்டுக்காரர் பெஞ்சு!"

"ஆர்டர்ம்மா," என்றான் ஒருவன் தலை நிமிராமல். "இங்கதான் கூட்டம் கூடுதாம். கூடற இடத்தையே எடுத்துருங்கன்னுட்டாங்க."

"கூட்டம்தான் போயிடுச்சே!"

"அப்ப இனிமே வராது பாருங்க," என்றான் மற்றவன், ஆறுதல் சொல்கிற பாவனையில்.

அவள் போனைப் பிடித்தாள். அதே தேன் குரல். "புரியுது, மிசஸ் கார்ஃபோர்த். ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா உங்க தாளுங்க பத்தொன்பதுலயும் சம்பவ இடம் 'பெஞ்சு'ன்னுதானே எழுதியிருக்கீங்க?"

மேவிஸ் போனை வைத்தாள். அவள்தான் எழுதியிருந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே பித்தளைத் தகடு. நான்கு திருகாணிகளையும் தனியே ஒரு குட்டிப் பையில் போட்டு ஒட்டியிருந்தார்கள். எதையும் அமுக்கிக்கொள்ளாத நேர்மையான அலுவலகம்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டி வரவில்லை.

அந்தத் தெரு வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. திங்கள் சாயங்காலம் சக்கரத் தொட்டியைச் சந்து முனைக்குத் தள்ளிவிட வேண்டும், செவ்வாய் காலை லாரி வந்து கொட்டிக்கொண்டு போகும். தள்ளுவது இறக்கம், அது முடியும். இழுத்து வருவது ஏற்றம், இடுப்பு அறுவைக்குப் பிறகு அது மேவிஸால் ஆகாது. ஆனால் கிளிஃப் போன நாளிலிருந்து ஒரு செவ்வாய்கூடத் தப்பாமல் தொட்டி தானாகக் கொல்லைக் கதவருகே வந்து நின்றுவிடும், மூடி சரியாகச் சாத்தியபடி. பக்கத்து வீட்டு மிஸ்டர் ரூக்தான் செய்கிறார் என்று அவள் வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு டின் நெய் பிஸ்கட்டை அவர் வாசலில் கொடுத்து, "எல்லாத்துக்கும் சேத்து" என்பாள். அவரும், "அட, எதுக்கு இதெல்லாம்" என்று வாங்கிக்கொள்வார்.

இரண்டு செவ்வாய் பார்த்தாள். பிறகு கதவைத் தட்டினாள்.

"உடம்பு ஏதும் சரியில்லையா, மிஸ்டர் ரூக்? தொட்டி அங்கேயே நிக்குது, அதான் கேக்கலாம்னு."

மிஸ்டர் ரூக்கின் காது மடல் சிவந்தது. "எந்தத் தொட்டி?"

"என்னோட தொட்டிதான். நீங்கதானே கொண்டுவந்து வைப்பீங்க?"

"நானா? இல்லையே, மேவிஸ்." அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "அது அந்த பெஞ்சுக் கும்பல்ல ஒருத்தன். சிவப்புத் தொப்பி. ஏழரை மணிக்கெல்லாம் வந்து வெச்சுட்டுப் போயிடுவான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அப்ப பிஸ்கட்டு?"

"அது... நீங்க எதுக்கோ அன்பாக் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். ஏன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

எட்டு டின். ஒருவர் ஏன் என்று கேட்கவில்லை, இன்னொருவர் யார் என்று கேட்கவில்லை. இருவருமே மரியாதை தெரிந்தவர்கள். மேவிஸ் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, முன்னறை நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அவள் எல்லாவற்றையும் முன் ஜன்னல் வழியாகவே பார்த்திருந்தாள். தொட்டி பின் சந்தில் இருந்தது.

சிவப்புத் தொப்பிக்காரனைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பழைய நீச்சல் குளத்தை மூடி, ஜன்னலெல்லாம் பலகை அடித்துப் பல வருடம் ஆகிறது. அதன் பின்பக்கம், பாய்லர் அறைக்கு இறங்கும் படியில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். கிட்டத்தில் பார்த்தால் ஐம்பது வயதிருக்கும். கைகள் சுத்தமாக இருந்தன.

"நீதானே என் தொட்டியை இழுத்துக்கிட்டு வந்து வெப்பே?" என்றாள். குரல் தானாகவே விசில் குரலாக வந்தது.

அவன் அவசரமாக எழுந்தான். "ஆமாங்க, மிசஸ் ஜி. மன்னிச்சுக்குங்க. ரெண்டு வாரமா வர முடியலை. உங்க பக்கம் கண்ணுல பட்டாலே நகரு நகருங்கறாங்க. ரெண்டு சீட்டு வேற எழுதிட்டாங்க."

அவன் மன்னிப்புக் கேட்டான். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மிசஸ் ஜியா? அந்தப் பேரு உனக்கு யார் சொன்னது?"

"கிளிஃப்தான். கார்ஃபோர்த்தோட இங்கிலீஷ் முதல் எழுத்து ஜி, அதை வெச்சு அவர் அப்படித்தான் சொல்லுவாரு. 'ஜன்னல்ல மிசஸ் ஜி தலை தெரியுது, கேனை ஒளிங்கடா'ன்னுவாரு." அவன் சிரித்தான். "என் பேரு டெஸ்."

"கிளிஃப் உங்ககூட உக்காந்து குடிச்சாரா?"

"ஒரே ஒரு கேன். அதுலயும் பாதி எனக்கு. அப்புறம் பெப்பர்மின்ட் ரெண்டு வாயில போட்டுக்கிட்டு எழுந்துருவாரு, சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு." டெஸ் பின்னால் இருந்த கதவைத் தட்டிக் காட்டினான். "இன்னைக்கு நேத்துப் பழக்கமா? எனக்குப் பதினஞ்சு வயசு. வீட்ல அப்பன் அடிச்சுத் தொரத்திட்டான். அவருதான் இந்தக் கதவைத் திறந்து, பாய்லர் பக்கத்துல உக்காருடான்னாரு. அந்தக் குளிர்காலம் முச்சூடும் இங்கதான் கெடந்தேன். எங்கள்ல பாதிப்பேரு இந்த ரூம்ல குளிர் காஞ்சவங்கதான்."

மேவிஸ் மேலே பார்த்தாள். நேர் மேலே ஆழமான பக்கம். அந்தக் குளிர்காலமும் அவள் அங்கேதான் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்திருப்பாள்.

"என்கிட்ட அவரு சொல்லவே இல்லையே. ஏன் சொல்லலை?"

டெஸ் தன் காலணியைப் பார்த்தான். "நீங்க விசில் ஊதுவீங்கன்னுதான், மிசஸ் ஜி."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். நாற்பத்து நான்கு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்ட மனிதன் தன்னிடம் பயந்துகொண்டு பெப்பர்மின்ட் தின்றிருக்கிறான் என்பதை அவள் ஒரு பாழடைந்த படிக்கட்டில் நின்று தெரிந்துகொண்டாள். அவள் அழவில்லை, கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அந்த ஊரில் அப்படித்தான்.

"கடைசியா ஆஸ்பத்திரில பாத்தப்ப," என்றான் டெஸ், "மேவிஸால தொட்டியை இழுக்க முடியாதுடா, பாத்துக்கன்னாரு. அவ்ளோதான்."

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறுத்தியது. "ஜூன் மாசம் உன்னைக் கீழ தள்ளி அடிச்சாங்களே, அவங்களோடயா இன்னும் சேர்ந்து சுத்தறே?"

"என்னை அடிச்சாங்களா? யாரு?" அவன் யோசித்தான். பிறகு தெளிந்தது. "ஓ, அதுவா! எனக்கு வலிப்பு வரும், மிசஸ் ஜி. சின்ன வயசுலேர்ந்தே. ஷீனா இருக்கால்ல, பச்சைக் கோட்டு, அவ தலை தரையில மோதாமப் பிடிச்சுக்குவா. மத்தவனுங்க ஒருக்களிச்சுப் படுக்க வைப்பானுங்க. அஞ்சு நிமிஷம் தாண்டிட்டா ஆம்புலன்ஸ் கூப்பிடணும். ஆனா எங்க ஒருத்தன்கிட்டயும் வாட்ச் கெடையாது. அதனால அவ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணிக்கிட்டே இருப்பா."

மேவிஸிடம் வாட்ச் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால், கையில், ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்ப யார் எண்ணறாங்க?" என்று கேட்டாள்.

"மூணு பேரு சேந்து நின்னா கலைஞ்சு போங்கறாங்க. நாய் வெச்சிருந்தவன் அவன் அக்கா வீட்டுக்குப் போயிட்டான். ஷீனா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாத்திரை போடறேன்ல, ஒண்ணும் ஆகாது."

"வீட்டுக்கு வாயேன். டீ போட்டுத் தரேன்."

"அதெல்லாம் வேணாம், மிசஸ் ஜி. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு."

அவள் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. அந்த ஊரில் முதல் மறுப்பையே முடிவாக எடுத்துக்கொள்வதுதான் நாகரிகம். கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைப்பதெல்லாம் அவர்களுக்கு வராது. பிற்பாடு அவள் எதற்கு எதற்கோ மனம் நொந்தாள். இந்த ஒன்றுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"பெஞ்சைத் திரும்பக் கொண்டுவரேன்," என்றாள். "வசந்தத்துக்குள்ள. எல்லாரும் வந்து உக்காருங்க. நான் பேசறேன்."

"பேசுங்க," என்றான் டெஸ். நம்பாதவன் முகத்தில் வருகிற மாதிரி ஒரு நல்ல சிரிப்பு சிரித்தான்.

பேசினாள். அலுவலகம் போனாள், கடிதம் எழுதினாள், கவுன்சிலரை வீட்டு வாசலில் மடக்கினாள். ஜூன் பதினாலாம் தேதித் தாள் தவறு, அது அடிதடி இல்லை, முதலுதவி என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். தேன் குரல்காரியை அன்றுதான் நேரில் பார்த்தாள். வாட்டமான முகத்தோடு சின்னப் பெண்ணாக இருந்தாள்.

"நான் பாத்தது வேற, நடந்தது வேறம்மா. அதைத் திருத்தணும்."

"திருத்த முடியாதுங்க. ஆதாரக் கோப்பை மூடியாச்சு. உத்தரவு மூணு வருஷத்துக்கு. அப்புறம் மறுபரிசீலனை வரும், அப்ப மறுபடி கருத்துக் கேப்போம். அப்ப எழுதிக் குடுங்க."

"அப்ப எனக்கு எண்பத்தோரு வயசு."

"ஆன்லைன்லயே நெரப்பிக்கலாம்," என்றாள் அந்தப் பெண், உதவி செய்கிற ஆசையோடு.

டிசம்பரில் டெஸ்ஸுக்கு மூன்றாவது சீட்டு எழுதினார்கள் என்று கேள்விப்பட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு டின் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பாய்லர் படிக்குப் போனாள். அவன் இல்லை. அங்கேயும் நகரச் சொல்லியிருக்க வேண்டும். டின்னைப் படியில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாளும் அது அங்கேயே இருந்தது.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, பச்சைக் கோட்டு ஷீனா வெளிக் கேட்டருகே வந்து நின்றாள். உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"டெஸ் போயிட்டான்."

"எங்க போயிட்டான்?" என்றாள் மேவிஸ். கேட்ட மறுகணமே புரிந்துவிட்டது.

"வடக்குக் கார் பார்க்கு மாடிப்படிக்குக் கீழ. செவ்வாக்கெழம காலைல, எட்டு மணி வாக்குல. வலிப்பு வந்திருக்கு. கீழ குப்புற விழுந்திருக்கான். எல்லாரும் வேலைக்குப் போற நேரம், தாண்டித் தாண்டிப் போயிருக்காங்க. குடிச்சுட்டுக் கெடக்கறான்னு." ஷீனாவின் வாய் கோணியது. "அன்னைக்கு அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலைன்னு டாக்டர் சொன்னாரு. சும்மா திருப்பிப் போட்டிருந்தாப் போதும், மிசஸ் ஜி. ஒருக்களிச்சாப்பல. ஒருத்தர், ஒரே ஒருத்தர்."

மேவிஸ் கேட்டின் இந்தப் பக்கம் நின்றாள். "ஷீனா, அந்தத் தாளை எழுதினது நான்தான்."

"தெரியும்."

"டெஸ்ஸுக்கு?"

"அவனுக்கும் தெரியும். ஆரம்பத்துலேர்ந்தே. நீங்க ஜன்னல்ல உக்காந்து எழுதறதைத்தான் நாலு பேரும் பாத்தோமே." ஷீனா மூக்கைத் துடைத்தாள். "அவ உன்னைத் தொரத்தப் பாக்கறா, நீ அவ தொட்டியை இழுக்கறியே, உனக்கு மூளை இருக்கான்னு நானே திட்டியிருக்கேன். 'நான் கிளிஃபுக்கு வாக்குக் குடுத்தேன், இவளுக்கா குடுத்தேன்?'ன்னான்."

கவுன்சில்தான் அடக்கம் செய்தது. காலை ஒன்பது மணி, மலிவான நேரம். மேவிஸ், ஷீனா, ஊன்றுகோல்காரன், மூன்றே பேர். தேவாலயத்துக்குள் மூன்று பேர் கூடினால் யாரும் கலையச் சொல்வதில்லை.

மார்ச் பிறந்து, ஒரு நாள் வெயில் அடித்தது. சரியாகப் பத்து மணிக்கு மேவிஸ் துடைப்பானை மூலையில் வைத்தாள். மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். பெஞ்சு இருந்த இடத்தில் நான்கு போல்ட் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. பக்கத்துக் கம்பத்தில் இருந்த உத்தரவுப் பலகைக்கு நேர் கீழே நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். பித்தளைத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு பீர் கேனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தாள். ஒரு வாய் குடித்தாள். கசந்தது. இதைத்தான் கிளிஃப் பாதி கொடுத்துவிடுவானா என்று நினைத்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் ரோந்து அதிகாரி வந்தான். பெயர் கிரெய்க், நாற்பது வயது, நல்லவன். அவனுக்கு நீச்சல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டதே மேவிஸ்தான்.

"என்ன மிசஸ் கார்ஃபோர்த், வெயில் காயறீங்களா?"

"குடிக்கறேன். திறந்த கேன். முதல் வரி," என்று தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "எழுதுப்பா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"விடுங்க, நான் ஒண்ணும் பாக்கலை."

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கறே. டெஸ்ஸுக்குச் சீட்டு எழுதினது நீதானே?"

"ஆமா. மூணு தடவை." அவன் தொப்பியைச் சரிசெய்தான். "என் வேலை அது."

"அவன் கைல என்ன இருந்துச்சு?"

"பீர் கேன்."

"என் கைல என்ன இருக்கு?"

கிரெய்க் கடலைப் பார்த்தான். "அது வேற, மிசஸ் கார்ஃபோர்த்."

"குளத்துல ஓடினதுக்கு உன்னையும் விசில் ஊதி வெளிய அனுப்பினேன், ஞாபகம் இருக்கா? உங்கப்பா அப்ப போலீஸ்ல பெரிய ஆளு. நான் ஆள் பாத்தேனா? எழுதுடா. பலகை எல்லாருக்கும்தான்."

அவன் குனிந்து, மிகவும் மெதுவாக, காது கேளாதவர்களிடம் பேசுகிற மாதிரி சொன்னான்.

"இந்த உத்தரவு உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இல்லைங்க. நீங்க நிம்மதியா இருக்கணும்னுதான் இதெல்லாமே. காத்து குளிரா இருக்கு, கழுத்துல துணியைச் சுத்திக்குங்க."

சீட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவன் நடந்தான். நாயோடு போன ஒரு தம்பதி அவளைப் பார்த்து, இன்று நல்ல வெயில் என்றார்கள். மேவிஸ் பாதிக் கேனைக் குடித்தாள். மீதிப் பாதியைப் பக்கத்தில் புல் மேல் வைத்தாள். பன்னிரண்டரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளை எழுந்து போகச் சொல்லி யாரும் வரவில்லை.